ஒரு காந்தாரத்தின் கனம்

புரட்டாசிச் சனிக்கிழமைகளில் பாரூர், போச்சம்பள்ளி, காவேரிப்பட்டணம் பக்கத்துப் பெருமாள் கோயில் ஒலிபெருக்கிகளில் 'குறை ஒன்றும் இல்லை' கேட்கும். பாடுபவர் எம்.எஸ். சுப்புலட்சுமி என்று எல்லாருக்கும் தெரியும். எழுதியவர் நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துக்காரர் என்பது பலருக்குத் தெரியாது. ராஜாஜி 1878 டிசம்பர் 10 அன்று ஓசூரை ஒட்டிய தொரப்பள்ளியில் பிறந்தவர். அந்த ஊர்ப் பக்கமாக ஓடிவரும் தென்பெண்ணைதான் கிருஷ்ணகிரி அணையைத் தாண்டி, நெடுங்கல் அணைக்கட்டு வழியே நம் பாரூர் ஏரிக்கும் தண்ணீர் தருகிறது. முதல்வர், கவர்னர் ஜெனரல், 1954இல் பாரத ரத்னா என்று அவரை அரசியலோடு சேர்த்தே பேசிப் பழகிவிட்டோம். இந்த ஒரு பாட்டுக்காகவும் அவரைப் பேச வேண்டும்.

ஏட்டில் இது முழுக்க நிறைவின் பாட்டு. கண்ணுக்குத் தெரியாமல் நிற்கும் இறைவனிடம் எனக்கு எந்தக் குறையும் இல்லை என்கிறார் கவிஞர். ஆனால் கேட்பவர் கண் கலங்குகிறது. குறையே இல்லை என்று சொல்லும் பாட்டுக்கு ஏன் அழுகை வர வேண்டும்? விடை சொல்லில் இல்லை, மெட்டில் இருக்கிறது.

மெட்டமைத்தவர் கடையநல்லூர் வெங்கட்ராமன். மூன்று ராகங்கள் கொண்ட ராகமாலிகை அது: சிவரஞ்சனி, காபி, சிந்துபைரவி. எடுப்பே சிவரஞ்சனி. ஐந்தே ஸ்வரங்கள் உள்ள ராகம்: ஸ, ரி, க, ப, த. இந்த ஐந்தில் 'க' என்னும் காந்தாரத்தை மட்டும் ஒரு படி உயர்த்தினால் மோகனம் வந்துவிடும். மங்கலமும் மகிழ்ச்சியும் நிறைந்த ராகம் மோகனம். நிறைவைச் சொல்லும் வரிகளுக்கு அதைத்தான் எவரும் முதலில் நினைப்பார்கள். வெங்கட்ராமன் காந்தாரத்தைக் கீழேயே வைத்தார். சினிமாவில் பிரிவுக்கும் ஏக்கத்துக்கும் கூப்பிட்டு அனுப்பும் ராகம் சிவரஞ்சனி. சாதாரண காந்தாரம் எனப்படும் அந்தக் கீழ்க் காந்தாரத்தில் 'இல்லை' என்ற சொல்லைக் கேட்கும்போது, எத்தனையோ குறை இருந்தும் சொல்ல மாட்டேன் என்கிற ஒரு முதிர்ந்த மனம் கேட்கிறது. வாய் மறுப்பதை ராகம் ஒப்புக்கொள்கிறது. இந்தப் பாட்டின் உயிர் அங்கேதான் இருக்கிறது என்பேன்.

அந்த ஏக்கம் புலம்பலாகச் சரியாமல் தாங்கிப் பிடிப்பது காலப்பிரமாணம். ஆதி தாளத்தில், மத்திம காலத்துக்குச் சற்றுக் கீழே, தொடங்கிய நடையிலேயே கடைசிவரை போகிறது பாட்டு. நிரவல் இல்லை, கற்பனை ஸ்வரம் இல்லை. மேல் ஸ்தாயியில் நின்று சபையைக் கட்டிப்போடும் வல்லமை எம்.எஸ்ஸின் குரலுக்கு உண்டு. இங்கே அதை அவர் காட்டவே இல்லை. சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே இடம் விட்டு, எழுத்து எழுத்தாக, பக்கத்தில் நிற்பவரிடம் பேசுவதுபோல் பாடுகிறார்.

திரைக்குப் பின்னால் நிற்கும் கண்ணனைச் சொல்லும் இடத்தில் காபி வருகிறது. ஏக்கம் அங்கே உரிமையாக மாறுகிறது. கலி காலத்து மனிதர்களுக்காக இரங்கிக் கல்லில் வந்து நின்றவனைச் சொல்லும்போது சிந்துபைரவி. அன்னிய ஸ்வரங்களுக்குத் தாராளமாக இடம் தரும் ராகம் அது. கச்சேரியின் கடைசியில் எல்லாரும் நெகிழ்ந்திருக்கும் நேரத்துக்கு உரியது. வேதம் அறிந்தோர் மட்டுமே காணக்கூடியவன் எல்லாரும் காணும்படி இறங்கி வந்ததைச் சொல்ல, இலக்கணக் கட்டு சற்றே தளர்ந்த ராகத்தைத் தேர்ந்தார்களே, அதை எண்ணி எண்ணி வியக்கிறேன்.

எழுதிய வரி ஒன்று, பாடிப் பதிந்த உணர்வு வேறு. இதை இன்னும் கூர்மையாகக் காட்டுபவை பழைய ஏடுகள். இத்தாலியின் கொர்த்தோனா நகரில் 13ஆம் நூற்றாண்டுப் பாட்டேடு ஒன்று உண்டு. லத்தீனை விட்டு மக்கள் மொழியில் எழுதிய பக்திப் பாடல்கள். அவற்றுக்கு 'லாவுதா' என்று பெயர். ஸ்வரம் ஏறுவதும் இறங்குவதும் அதில் குறித்திருக்கிறது. எவ்வளவு நேரம் நிற்க வேண்டும், என்ன வேகம் என்பது இல்லை. அதனால் இன்றைய குழுக்களில் ஒன்று பறை தட்டி ஆடும் வேகத்தில் ஒலிப்பதிவு செய்கிறது. இன்னொன்று அதே பாட்டை மெல்ல, பிரார்த்தனையாகப் பாடுகிறது. நமக்குப் பக்கத்திலும் இதற்கு ஈடு உண்டு. 15ஆம் நூற்றாண்டு அன்னமய்யாவின் கீர்த்தனைகள் திருமலையில் செப்பேடுகளில் கிடைத்தன. ராகப் பெயர் இருந்தது. பெரும்பாலானவற்றுக்கு மெட்டு இல்லை. எம்.எஸ். பாடிய அன்னமய்யா பாடல்கள் பலவற்றுக்கு மெட்டுப் போட்டவரும் இதே வெங்கட்ராமன்தான். தெலுங்கும் கன்னடமும் தமிழும் ஒரே தெருவில் புழங்கும் ஓசூர்க்காரர்களுக்கு அந்தப் பாடல்களும் சொந்தம்.

1966 அக்டோபரில் ஐ.நா. சபையில் எம்.எஸ். பாடியவற்றில் ராஜாஜியின் ஆங்கிலப் பிரார்த்தனையும் ஒன்று. அதைச் சரித்திரமாக நினைவு வைத்திருக்கிறோம். 'குறை ஒன்றும் இல்லை' அப்படியல்ல, இன்றும் வீட்டில் பாடும் பாட்டு. அதனால்தான் கீபோர்டு தாளத்தை ஓடவிட்டு இதை விரட்டும் புதுப் பதிப்புகளைக் கேட்கும்போது மனம் வலிக்கிறது. வேகம் கூடினால் அந்தக் காந்தாரத்தில் நிற்க நேரம் இருக்காது. சிவரஞ்சனி வெறும் இனிமையாகிவிடும். பள்ளிப் போட்டிக்குப் பிள்ளைகளைத் தயார் செய்யும் ஆசிரியர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். மேடையில் நேரம் போதாவிட்டால் ஒரு சரணத்தை விட்டுவிடுங்கள், நடையைக் கூட்டாதீர்கள்.