பெட்டியின் எடை சரி, கிங் பின்னின் சுமை?

2016 ஜூலை 1 முதல், எடை உறுதி செய்யப்படாத சரக்குப் பெட்டி உலகில் எந்தத் துறைமுகத்திலும் கப்பலேறக் கூடாது. அந்தத் தேதி நெருங்க நெருங்க, தூத்துக்குடியிலிருந்தும் திருப்பூரிலிருந்தும் வந்த வாசகர் கடிதங்கள் ஒரே கேள்வியைத்தான் சுற்றின: "எடைமேடைச் சீட்டு வாங்கியாயிற்று. இன்னும் என்ன பாக்கி?"

கப்பலுக்கு ஒன்றும் பாக்கியில்லை. சாலைக்குத்தான்.

பெட்டியும் உள்ளே இருப்பதும் சேர்ந்த மொத்த எடை, அதன் கீழே ஏற்றுமதியாளரின் கையெழுத்து: இந்த விதி கேட்கும் 'வி.ஜி.எம்.' (சரிபார்க்கப்பட்ட மொத்த எடை) என்பது இவ்வளவுதான். எல்லாம் பாதுகாப்புக்காக என்கிறார்கள் அதிகாரிகள். கப்பலின் பாதுகாப்பு என்று திருத்திக்கொள்ளலாம். 2007இல் இங்கிலாந்துக் கரையோரம் தரைதட்ட வைக்கப்பட்ட எம்.எஸ்.சி. நாபோலி கப்பலில், மேல்தளத்தில் நனையாமல் தப்பிய பெட்டிகளை நிறுத்துப் பார்த்தபோது, ஐந்தில் ஒன்று கணக்கில் காட்டிய எடையிலிருந்து மூன்று டன்னுக்கு மேல் விலகியிருந்தது. அந்தப் பொய்யைத்தான் இந்த விதி பிடிக்கிறது. பெட்டிக்குள் எடை எந்தப் பக்கம் குவிந்திருக்கிறது என்று அது கேட்பதில்லை.

டிரெய்லருக்கோ அதுதான் முக்கியம். டிரெய்லரின் முன்பாரம் இறங்குவது கிங் பின் இருக்கும் இடத்தில். அந்த முளை இழுவை வண்டியின் முதுகில் உள்ள 'ஃபிஃப்த் வீல்' தட்டில் பூட்டிக்கொள்கிறது; பாரத்தைத் தாங்குவது தட்டு. மீதிப் பாரம் பின்சக்கரங்களுக்கு. கம்பில் அண்டாவைக் கட்டி இருவர் தூக்கும்போது, அண்டா யார் பக்கம் நகர்கிறதோ அவருக்குத்தானே தோள் வலிக்கும்? கிங் பின்னுக்கும் பின்சக்கரங்களுக்கும் இடையே 8 மீட்டர், பெட்டி 16 டன் என்று வைத்துக்கொள்வோம். எடை சரிநடுவில் இருந்தால் ஆளுக்கு 8 டன். எடையின் மையம் ஒரே ஒரு மீட்டர் முன்னே போனால் கிங் பின்னில் 10, பின்னால் 6. சீட்டில் மட்டும் அதே 16தான்!

இழுவை வண்டியின் பின்னால் உள்ள நான்கு டயர் ஒற்றை அச்சுக்கு 2016இல் சட்டம் அனுமதித்தது 10.2 டன். கிங் பின்னில் இறங்கும் 10 டன்னில் பெரும்பங்கு அந்த அச்சின் தலையில்தான். வண்டியின் சொந்த எடை வேறு. எடை பின்னுக்குப் போனால் வேறு ஆபத்து: இழுக்கும் சக்கரங்களுக்குப் பிடிமானம் குறைகிறது. ஈரச் சாலையில் பிரேக் போட்டால் டிரெய்லர் முன்வண்டியைத் தள்ளிக்கொண்டு மடங்கிவிடலாம். சரக்கை இறக்க வசதி என்று கனமான 20 அடிப் பெட்டியை நீள டிரெய்லரின் வாலில் ஏற்றுகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

கிங் பின்னில் எவ்வளவு என்று தெரிந்துகொள்ளப் புதுக் கருவி வேண்டாம். டிரெய்லர் சக்கரங்களை வெளியே விட்டு, முன்வண்டியை மட்டும் எடைமேடையில் நிறுத்தி ஒரு சீட்டு. டிரெய்லரைக் கழற்றிவிட்டு, டீசல் குறைவதற்குள் இன்னொரு சீட்டு. வித்தியாசம்தான் கிங் பின்னின் சுமை. மேடையும் வெளித்தரையும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும், இல்லையென்றால் கணக்கு பொய்க்கும். இதற்காகும் அரை மணி நேரத்தை எந்த விதியும் கேட்கவில்லை. அதனால் யாரும் செலவிடுவதும் இல்லை.

மற்ற கேள்விகள்:

வி.ஜி.எம்.மில் லாரிக்காரர் கையெழுத்து போதுமா? ஏற்றுமதியாளர் அதிகாரம் தராத வரை போதாது.

காலிப் பெட்டிக்கு? தேவையில்லை.

பெட்டியை மொத்தமாக நிறுக்காமல், சரக்கு, பொதிவுப் பொருள், பெட்டிக் கதவில் எழுதிய காலி எடை மூன்றையும் கூட்டிச் சொல்லலாமா? அங்கீகரிக்கப்பட்ட முறையில் கூட்டினால் சொல்லலாம்.

ஒரே டிரெய்லரில் இரண்டு 20 அடிப் பெட்டி? சேர்த்து நிறுத்து இரண்டால் வகுக்கக் கூடாது. தனித்தனியாகத்தான்.