காய்ச்சல் தணிந்த பின்னர் சிவக்கும் கண்

எலிக்காய்ச்சல் என்றதும் சிறுநீரகமும் ஈரலும் பாதிக்கப்படுவதே எமது நினைவுக்கு வருகின்றது. உயிராபத்து அவ்வுறுப்புகள் வழியாகவும் நேர்வதால் அது இயல்பே. ஆயினும், நோயாளி குணமடைந்து மீண்டும் வயலில் இறங்கிய பின்னர் கண்ணைத் தாக்கும் ஒரு பின்விளைவும் இந்நோய்க்கு உண்டு. அதுபற்றி அதிகம் பேசப்படுவதில்லை.

இந்நோயைத் தோற்றுவிப்பது லெப்டோஸ்பைரா எனும் பக்டீரியாவாகும். எலி, மாடு, நாய் முதலியவற்றின் சிறுநீர் கலந்த நீரிலும் சேற்றிலுமிருந்து, தோலிலுள்ள சிறு காயங்களின் ஊடாக இக்கிருமி உடலினுள் புகுகின்றது. இரத்தத்துடன் கலந்து உடலெங்கும் பரவும்போது கண்ணையும் அது விட்டுவைப்பதில்லை. காய்ச்சல் காலத்தில் பீளையின்றிக் கண் சிவப்பது இதன் அறிகுறிகளில் ஒன்று. அச்சிவப்பு தானாகவே மறைந்துவிடும்.

கவலைக்குரியது அதன் பின்னர் வருவதே. சில வாரங்களோ பல மாதங்களோ கழிந்த பின்னர், கண்ணின் நடுப்படலத்தில் அழற்சி தோன்றக்கூடும். வைத்தியர்கள் இதனை யுவைட்டிஸ் என்பர். கிருமிக்கு எதிராக உடல் தொடுக்கும் எதிர்ப்பே இதற்குப் பெரிதும் காரணமெனக் கருதப்படுகின்றது. கண் சிவத்தல், வலி, வெளிச்சத்தைப் பார்க்கக் கூசுதல், பார்வை மங்குதல், கண்முன்னே கரும்புள்ளிகள் மிதத்தல் என்பன இதன் அறிகுறிகளாகும்.

1993ஆம் ஆண்டின் பிற்பகுதியில் தமிழகத்தின் மதுரைப் பகுதியில் பெருவெள்ளம் ஏற்பட்டது. அடுத்த ஆண்டு அங்குள்ள அரவிந்த் கண் மருத்துவமனையை நாடி வந்த யுவைட்டிஸ் நோயாளரின் தொகை வழமைக்கு மாறாக உயர்ந்தது. ஆராய்ந்தபோது அதற்குக் காரணம் எலிக்காய்ச்சல் என்பது புலனாயிற்று.

எமது நாட்டுக்கும் இந்நோய் புதியதன்று. 2008ஆம் ஆண்டில் 7,000இற்கும் அதிகமானோர் எலிக்காய்ச்சல் நோயாளர்களாகப் பதிவாயினர். 2024 டிசம்பரில், கடும் மழைவெள்ளத்தை அடுத்து யாழ்ப்பாணத்தில் பரவிய காய்ச்சல், சில உயிர்களைப் பறித்த பின்னரே எலிக்காய்ச்சல் என உறுதியாயிற்று.

மாதங்கள் கடந்து கண் சிவக்கும்போது அதனைப் பழைய காய்ச்சலுடன் எவரும் தொடர்புபடுத்துவதில்லை. சாதாரண கண்நோய் என எண்ணி மருந்தகத்தில் சொட்டுமருந்து வாங்கி விடுவோரே அதிகம். இதில் காலம் வீணாவதே பேராபத்து. கவனியாது விட்டால் கண்புரை, கண்ணழுத்தம் முதலியன தோன்றிப் பார்வை குன்றலாம். உரிய வேளையில் ஸ்டீரொயிட் மருந்தளித்தால் பெரும்பாலானோர் பார்வையை மீளப் பெறுவர். அம்மருந்தையும் கண் வைத்தியரின் மேற்பார்வையிலேயே பயன்படுத்த வேண்டும். சுயமாகப் பயன்படுத்தினால் அதுவே கண்ணழுத்தத்தை உயர்த்திவிடக்கூடும்.

எனவே, கண் வைத்தியரிடம் செல்பவர் முன்னர் வந்த காய்ச்சலையும், வயலிலோ வெள்ளத்திலோ இறங்கி நின்றதையும் மறவாது கூறவேண்டும். வைத்தியசாலைகளும் எலிக்காய்ச்சல் நோயாளரை வீட்டுக்கு அனுப்பும்போது, "கண் சிவந்தாலோ பார்வை மங்கினாலோ உடனே வாருங்கள்" என்று அறிவுறுத்துதல் நன்று. செலவேதுமற்ற அந்த ஒரு வார்த்தை, ஓர் உழைப்பாளியின் பார்வையைக் காக்கக்கூடும்.

நோய் வராது தடுப்பது அனைத்திலும் மேலானது. விதைப்புக் காலத்தில் வயலில் இறங்குவோர், சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையின் ஆலோசனைப்படி டொக்சிசைக்கிளின் தடுப்பு மருந்தைப் பெற்றுக்கொள்வதில் அசட்டை காட்டலாகாது.