வானொலிக்குப் பணியும் மாதிரி விமானம்

எங்கோ ஒரு நிலையத்திலிருந்து புறப்படும் மின்காந்த அலை, வீட்டின் கூடத்தில் வைத்த பெட்டியினுட் புகுந்து பேச்சாகவும் பாட்டாகவும் வெளிவருவது இன்று எவருக்கும் வியப்பளிப்பதில்லை. அதே இனத்து அலை, வானிற் பறக்கும் ஒரு சிறு விமானத்தினுட் புகுந்து அதன் வாலைத் திருப்பவும் வல்லது. ஆயினும் இவ்விரண்டுக்குமிடையே ஒரு பெரும் வேறுபாடுண்டு. பெட்டியில் ஒலி சிறிது தடைப்பட்டால் கேட்பவர் ஒரு சொல்லை இழப்பார். விமானத்திற் கட்டளை தடைப்பட்டால் அதனைக் கட்டியவர் பல மாத உழைப்பை இழப்பார். அவ்விழப்புக்கு இடங்கொடாதவாறு, பழைய பாணியிலமைந்த ஒரு மாதிரி விமானத்தை வரைபடத்தைக் கொண்டு எவ்வாறு கட்டுவது என்பதை நோக்குவோம்.

கம்பியின்றிக் கட்டளையனுப்பும் எண்ணம் விமானத்திலும் மூத்தது. 1898 ஆம் ஆண்டில் நிக்கொலா தெஸ்லா நியூயோர்க் நகரிலே ஒரு சிறு படகை வானொலி அலையால் இயக்கிக் காட்டினார். மாதிரி விமானத்தில் அதனைச் சாதித்த முன்னோடிகளுள், ஐக்கிய அமெரிக்காவின் மிச்சிக்கன் மாநிலத்துக் கலமசூ நகரைச் சேர்ந்த வால்ட்டர் கூட், வில்லியம் கூட் என்னும் இரட்டைச் சகோதரர் சிறப்பாகக் குறிப்பிடத்தக்கவர். ஒருவர் விமானத்தைக் கட்ட, மற்றவர் வானொலிக் கருவியை அமைத்தார். ‘கஃப்’ எனப் பெயரிட்ட அவ்விமானத்தின் சிறககலம் ஏறத்தாழ 8 அடி. 1937 இல் வானொலிக் கட்டளைக்குப் பணிந்து பறந்த அது, 1938 இல் அந்நாட்டுத் தேசியப் போட்டியிலும் வெற்றியீட்டியது. 1960 இல் வாசிங்டனிலுள்ள சிமித்சோனியன் நிறுவனத்துக்கு அளிக்கப்பட்டது.

அக்காலத்தையடுத்த ஆண்டுகளில் ஆர்வலர் பலர் கையாண்ட கருவி மிக எளியது. நிலத்தில் நிற்பவர் கையில் ஒரேயொரு பொத்தான். விமானத்தினுள்ளே ஒரு வால்வு, பாரமான பற்றரிகள், முறுக்கிவிட்ட இறப்பர் நாடாவால் இயங்கும் ஒரு சிறு பொறி. பொத்தானை அழுத்திப் பிடித்தாற் சுக்கான் வலப்புறந் திரும்பும். விட்டால் நடுவுக்கு வரும். மறுமுறை அழுத்தினால் இடப்புறந் திரும்பும். அடுத்தது வலமா, இடமா என்பதைச் செலுத்துபவரே நினைவில் வைத்திருத்தல் வேண்டும். ஒரு கணம் மறந்தால் விமானம் மரத்தை நோக்கித் திரும்பும். இறப்பரின் முறுக்கு முற்றாக அவிழ்ந்துவிட்டாலோ எக்கட்டளைக்கும் பயனில்லை.

இந்தக் குறையே ஒரு நற்பண்புக்கு வழிவகுத்தது. கட்டளை கிடைத்தாலும் கிடையாவிட்டாலும் தானே நிலைகுலையாது பறக்கத்தக்க விமானமே அன்றைய கருவிக்கு ஏற்றதாயிருந்தது. இங்கிலாந்தின் கீல்கிராஃப்ட் நிறுவனத்துக்காக ஆல்பேட் ஹற்ஃபுல் வடிவமைத்து, 1946 இல் வெளிவந்த ‘ஜூனியர் 60’ இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. பெயர் சுட்டுவதுபோல அதன் சிறககலம் 60 அங்குலம். முதலில் எவர் கட்டளையுமின்றிப் பறப்பதற்கே அது வகுக்கப்பட்டது. பின்னர் ஆர்வலர் அதனுள் வானொலிக் கருவியைப் பொருத்தினர். உடலின் மேலே அமர்ந்த அகன்ற சிறகும், சாளரங்களோடு கூடிய சிற்றறையுங்கொண்ட அவ்விமானத்தை உலகின் பல பாகங்களிலும் இன்றும் கட்டுகின்றனர்.

அது தானே பறப்பதன் மருமம் யாது? அதன் சிறகு நுனிகள் நடுப்பகுதியிலும் சற்று உயர்ந்துள்ளன. காற்று மோதி ஒரு பக்கம் தாழ்ந்ததும் விமானம் அப்பக்கமாக வழுக்குகின்றது. அவ்வாறு வழுக்கும்போது, தாழ்ந்த சிறகு மற்றதிலும் பெரிய கோணத்திற் காற்றைச் சந்தித்து, மிகுந்த தூக்குவிசை பெற்று மேலெழுகின்றது. சாய்ந்தது நிமிர்கின்றது. இதனைச் செய்வது வானொலியன்று, வடிவம். ஆனால் வடிவம் பிழையின்றி அமைந்தாற்றான் இது நிகழும். ஆகவேதான் கட்டுபவர் கை மிக நிதானமாயிருத்தல் வேண்டும்.

முதலில் வரைபடம். பழைய வரைபடங்கள் பெரும்பாலும் முழு அளவில் வரையப்பட்டவை. அதன்மேல் வைத்தே கட்டலாம். ஆயினும் பிரதி எடுக்கையில் தாள் சுருங்குவதும் நீளுவதும் உண்டாதலால், சிறகின் நீளத்தை அடிமட்டத்தால் அளந்து சரிபார்த்தல் இன்றியமையாதது. அடுத்துச் செய்யத்தக்கது வெட்டுவதன்று, வாசிப்பது. பழைய செய்யுளை முதலிற் பதம் பிரித்து, பின்னர்ப் பொருள்கொண்டு, இறுதியிற் பாட்டை முழுமையாகக் காண்பதுபோல, பக்கத்தோற்றம், மேற்றோற்றம், குறுக்குவெட்டு என்பவற்றைத் தனித்தனியே கண்டு, பின்னர் மூன்றும் ஒன்றாகும் உருவத்தை மனத்திற் கட்டிப்பார்த்தல் வேண்டும். மனத்திற் கட்டாத விமானத்தை மேசையிற் கட்டுவது அரிது.

அடுத்தது மரம். இத்தகைய விமானங்களுக்குப் பல்சா என்னும் மரமே பெரிதும் பயன்படுகின்றது. தென்னமெரிக்காவின் எக்குவடோர் நாட்டிலிருந்து அது மிகுதியாகக் கிடைக்கின்றது. ‘பல்சா’ என்னும் ஸ்பானியச் சொல்லுக்குத் தெப்பம் என்பது பொருள். அதன் அடர்த்தி நீரின் அடர்த்தியில் ஏறத்தாழ ஆறிலொரு பங்கு. எனினும் எல்லாத் துண்டுகளும் ஒரே தன்மையனவல்ல. பாரம் தாங்கும் நீளச் சட்டங்களுக்கு வயிரமானதும், வாற்பகுதிக்கு மிக இலேசானதும் தெரிந்தெடுக்கப்படல் வேண்டும். உடலின் இரு பக்கங்களிலும் வரும் சட்டங்கள் ஒரே அளவில் வளையத்தக்கவையாயிருத்தல் அவசியம். ஒன்று விறைத்ததும் மற்றொன்று மென்மையானதுமாயின், உடல் வாழைக்காய்போற் கோணிவிடும்.

வரைபடத்தைத் தட்டையான பலகையில் விரித்து, பசை ஒட்டாதிருக்க அதன்மேற் பொலித்தீன் தாளை இட்டு, சட்டங்களைக் குண்டூசிகளால் நிறுத்தி உடலின் ஒரு பக்கம் ஒட்டப்படும். மற்றப் பக்கத்தை அதன்மேலேயே கட்டினால் இரண்டும் ஒத்திருக்கும். பின்னர் இரண்டையும் நிமிர்த்திக் குறுக்குச் சட்டங்களால் இணைக்கையில், ஒவ்வொரு மூலையையும் மூலைமட்டத்தால் நோக்குதல் வேண்டும். முன்பக்கத்தில் ஒரு நூலளவு பிழை, வாலை அடையும்போது விரலளவாகப் பெருகும்.

சிறகின் விலாக்களைத் தனித்தனியே வெட்டாது, ஓரடுக்காகச் சேர்த்துத் தேய்த்தால் யாவும் ஒரே வடிவாகும். அவற்றைச் சட்டங்களோடு இணைத்த பின், இரு பாதிகளும் வரைபடத்திற் குறித்த அளவுக்கு நுனியுயர்த்தி நடுவிற் பொருத்தப்படும். அவ்விணைப்பு உறுதியற்றதாயின் சிறகு வானிலேயே மடியும். ஆதலின் அங்கு ஒட்டுப்பலகைத் துண்டு வைத்து வலுப்படுத்துவர்.

எலும்புக்கூட்டுக்குத் தோல் போர்ப்பதே அடுத்த வேலை. மெல்லிய தாளைச் சுருக்கமின்றி ஒட்டி, நீர் தெளித்து உலரவிட்டால் அது மத்தளத் தோல்போல் இழுபடும். அதன்மேல் டோப் என்னும் பூச்சை மெல்லிதாகப் பலமுறை பூசுவர். அதன் ஆவி தீப்பற்றக்கூடியது, சுவாசத்துக்கும் ஆகாதது. எனவே காற்றோட்டமான இடத்தில், நெருப்புக்கு அப்பால் வைத்தே பூசல் வேண்டும். பூச்சு உலரும்போது சிறகை முறுக்கிவிடுமாதலால், அதுவரை பலகையோடு பிணித்து வைத்தல் நன்று. ஒரு பாதியின் பின்விளிம்பு மற்றதிலும் தாழ்ந்திருந்தால் விமானம் எந்நேரமும் எதிர்ப்பக்கம் சாயவே முயலும். அக்குற்றத்தைச் செலுத்துபவர் பறப்பு முழுவதும் சுமக்க நேரும்.

இனி வானொலிக் கருவி. முன்னர்க் கைப்பெட்டிகள் இரண்டு ஒரே அலைவரிசையில் இயங்கினால் ஒன்றையொன்று கெடுக்கும் என்பதால், கழகங்களில் அலைவரிசைக்கு ஓர் அடையாளக் கட்டை வைத்து, அதனை எடுத்தவரே கைப்பெட்டியை இயக்க அனுமதித்தனர். இன்றைய கருவிகள் பெரும்பாலும் 2.4 கிகாஹேட்சில் இயங்கி, தமக்குரிய கைப்பெட்டியின் கட்டளையை மட்டுமே ஏற்கின்றன. பெற்றோல் எஞ்சினும் அதன் தீப்பொறிச் சுருளும் இருந்த இடத்தை இப்போது மின்மோட்டரும் இலிதியம் பற்றரியும் நிரப்புகின்றன. பழைய வரைபடத்தில் அசையும் வாற்பகுதிகள் இல்லையாயின், நிமிர்வாலின் பின்பகுதியையும் கிடைவாலின் பின்பகுதியையும் வெட்டிக் கீல் பொருத்துவர்.

புதிய மோட்டர் பழைய எஞ்சினிலும் இலேசானது. அதனால் விமானம் வாற்பாரமாகும் அபாயம் உண்டு. பற்றரியை இயன்றவரை முன்னே வைத்து, சிறகின் கீழ் இரு விரல்களால் தாங்கி, வரைபடம் குறித்த புள்ளியில் விமானம் சமநிலை கொள்கின்றதா எனப் பார்த்தல் வேண்டும். இச்சோதனையில் தவறிய விமானத்தை எவ்வளவு திறமையாலும் காப்பது கடினம்.

பறப்புக்குமுன் எப்போதும் கைப்பெட்டியை முதலில் இயக்கி, அதன்பின்னரே விமானத்தின் பற்றரியை இணைத்தல் முறை. சுழலும் உந்துவிசிறி விரலைத் துண்டிக்கவல்லதாதலால் அதன் அருகே எவரும் நிற்றலாகாது. சுக்கான் சரியான பக்கம் திரும்புகின்றதா, தூரத்திலும் கட்டளை எட்டுகின்றதா என்பனவும் சோதிக்கப்படல் வேண்டும். பல நாடுகளில் இத்தகைய விமானங்களை இயக்குபவர் பதிவு செய்தல் வேண்டுமென விதியுண்டு. விமான நிலையங்களுக்கும் சனநெருக்கத்துக்கும் அப்பாலான வெளியே இதற்குரியது.

காற்றடங்கிய காலைப்பொழுதில், மோட்டரை இயக்காது, காற்றை எதிர்நோக்கிப் புல்வெளிமேல் மெல்ல எறிந்து பார்ப்பதே முதற் சோதனை. நேராகச் சறுக்கி இறங்கினாற் கட்டிய கை வென்றது என்று கொள்ளலாம். அதன்பின் மோட்டருடன் எழும்பி, பாதுகாப்பான உயரத்தை அடைந்ததும், அனுபவமுள்ளோர் செய்யும் ஒரு செயல் கவனிக்கத்தக்கது. அவர்கள் விரல்களைக் கட்டுப்பாட்டுக் கோல்களிலிருந்து ஒரு கணம் எடுத்துவிடுவர். விமானம் எங்ஙனம் கட்டப்பட்டது என்பது அப்போது வெளிப்படும். அது எம்மை நோக்கி வரும்போது இடமும் வலமும் மாறித் தோன்றுவதால் புதியவர் தடுமாறுவதுண்டு. அவ்வேளையிலும் பதறாது கோலை விட்டுவிட்டால், நேர்மையாகக் கட்டிய விமானம் தன்னைத் தானே திருத்திக்கொள்ளப் பெரும்பாலும் வழியுண்டு.

எனினும் விழுவதும் உண்டு. சிறகை ஆணியால் இறுக்காது இறப்பர் வளையங்களாற் கட்டியதன் அருமை அப்போது விளங்கும். தரையில் மோதியதும் வளையம் விலகிக்கொடுக்க, சிறகு முறியாது தப்பும். முறிந்தாலும் வரைபடம் இருக்கின்றது. உடைந்த விலாவை மீண்டும் வெட்டி ஒட்டலாம். எண்பது ஆண்டுகளுக்கு முன் ஒருவர் தாளில் இட்ட கோடு, அவரை ஒருபோதும் காணாத ஒருவரின் கையால் இன்றும் வானேறுகின்றது. வானொலி அதற்கு வழிகாட்டலாம். வழுவாது பறக்கும் இயல்பை அதற்குத் தருவதோ, மேசையருகே பொறுமையோடு மூலைமட்டம் பிடித்த கைதான்.