ஒரு ‘பில்’, பல பொறுப்புகள்

கொச்சி மட்டாஞ்சேரியின் யூதத் தெரு, மிளகும் சுக்கும் ஏலமும் கைமாறிய பழைய வணிக வீதி. அங்குள்ள கிடங்கிலிருந்து புறப்படும் மிளகு மூட்டை கடல் கடந்து விற்பனையாவதற்குள், ‘பில்’ என்னும் ஆங்கிலச் சொல் நான்கு வேறு பொருள்களைப் பெற்றுவிடுகிறது.

முத்திரையைக் குறித்த ‘புல்லா’ என்னும் இலத்தீன் சொல்லே இதன் வேர். முத்திரையிட்ட ஆவணத்தைச் சுட்டிய பெயர், காலப்போக்கில் பலவகைச் சீட்டுகளுக்கும் பொதுவாயிற்று.

விற்ற சரக்கையும் விலையையும் காட்டும் பில் முதலாவது. கடைகளில் நாம் நாள்தோறும் பெறுவது இதுவே. ஏற்றுமதிக்கு அனுமதி வேண்டிச் சுங்கத் துறையிடம் அளிப்பது ‘ஷிப்பிங் பில்’. சரக்கு ஏறியபின் கப்பல் நிறுவனம் தருவது ‘பில் ஆஃப் லேடிங்’. இது வெறும் ரசீதன்று. சரக்கின் மீதான உரிமைக்கே சான்று. ஆகவேதான் ஏற்றுமதியாளர் இதனை வங்கி வழியாக அனுப்புகிறார். வாங்குபவர் பணம் செலுத்திய பின்னரோ, செலுத்துவதாக ஒப்பிய பின்னரோ அது அவர் கைக்குச் சேரும்.

அந்த ஒப்புதல் எழுதப்படுவது நான்காவதான மாற்றுண்டியலில், அதாவது ‘பில் ஆஃப் எக்ஸ்சேஞ்சில்’. குறித்த தொகையைச் செலுத்துமாறு எழுதுபவர் கையொப்பமிட்டு அளிக்கும் நிபந்தனையற்ற கட்டளை என்று 1881ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டம் இதனை வரையறுக்கிறது. ஏற்றுக் கையொப்பமிட்டவர் தவணை நாளில் பணம் செலுத்தக் கடமைப்பட்டவர் ஆகிறார்.

இம்முறை நமக்குப் புதிதன்று. குஜராத்தி வணிகர்கள் ‘ஹுண்டி’ என்றதும், நாட்டுக்கோட்டை நகரத்தார் ‘உண்டியல்’ என்றதும் இதன் உறவினவே. கோயில் காணிக்கைப் பெட்டிக்கும் அதே பெயர் வழங்குவது தமிழின் சுவை.

தொண்ணூறு நாள் தவணையுள்ள மாற்றுண்டியலை வங்கியில் கொடுத்து, வட்டத் தொகை போக எஞ்சியதை விற்றவர் முன்னதாகவே பெறலாம். ஆனால் பணம் கைக்கு வந்ததாலேயே கணக்கு முடிந்துவிட்டதென எண்ணலாகாது. வாங்கியவர் தவறினால், பொதுவாக வங்கி அத்தொகையை விற்றவரிடமே திரும்பக் கோரும். சிறு வணிகர்கள் தம் கணக்கில் இப்பொறுப்பையும் குறித்து வைத்தல் நலம்.

நாடாளுமன்றத்தில் ‘பில்’ என்றால் மசோதா. அரசு 91, 182, 364 நாள்களுக்குக் கடன் பெறும் கருவூலச் சீட்டும் ‘பில்’தான். பறவையின் அலகைக் குறிக்கும் ‘பில்’ மட்டும் வேறு வேரில் பிறந்தது.

எனவே, ‘பில்லில் ஒரு கையெழுத்து’ என்று எவரேனும் கேட்டால், அது எந்தப் பில் என்பதை முதலில் அறிந்து கொள்க. சொல் ஒன்றே, அதன்கீழ் இடும் கையொப்பத்தின் பொறுப்போ வேறு வேறு.