வாயில் நுழைந்தால் இரை!

ஞாயிற்றுக்கிழமை சென்னை கொளத்தூரின் வண்ணமீன் கடைகள் பக்கம் போனால், பாலித்தீன் பையில் ஆஸ்கர் மீன் குட்டியோடு வீடு திரும்பும் குடும்பங்களைப் பார்க்கலாம். 2 அங்குலக் குட்டி. கறுப்பு உடம்பில் நெருப்புக் கோடுகள். துணைக்குப் பத்து கப்பி, இரண்டு கோல்டு ஃபிஷ், 'அழுக்கைத் தின்னுடும்' என்று ஒரு சக்கர். எல்லாம் இரண்டடித் தொட்டிக்கு! அந்தப் பையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு பதைக்கும்.

அமேசான் ஆற்றுப் படுகையைத் தாயகமாகக் கொண்ட ஆஸ்கர், முறையாகத் தீனி போட்டால் ஒரே வருடத்தில் 10 அங்குலத்தை எட்டிவிடும். பிறகு ஓர் அடியைத் தாண்டி, பத்து வருடத்துக்கு மேலும் வாழும். தீனி போடுகிறவர் அறைக்குள் வந்தாலே கண்ணாடியோரம் ஓடிவந்து நிற்கும். பிடிக்காத கல்லை வாயால் தள்ளி இடம் மாற்றும். தண்ணீர் மாற்றிய அன்று கோபித்துக்கொண்டு ஒருக்களித்துப் படுத்துக்கொள்வதும் உண்டு. இவ்வளவு குணம் உள்ள மீனுக்குத் துணை தேடும்போது நிறப் பொருத்தம் பார்த்துப் பயனில்லை. வாய் அளவைத்தான் பார்க்க வேண்டும்.

கப்பியும் நியான் டெட்ராவும் அதற்கு இரைதான். கோல்டு ஃபிஷ்ஷையும் சேர்க்கக் கூடாது. அதன் உடம்பிலுள்ள தயாமினேஸ் என்ற நொதி வைட்டமின் பி1-ஐ அழித்துவிடும். தொடர்ந்து தின்றால் ஆஸ்கர் நோயில் விழும். சின்ன சக்கரை விழுங்கினால் முள் தொண்டையில் மாட்டி, இரண்டும் சாகக்கூடும்.

என் அனுபவத்தில் ஆஸ்கருக்குச் சரியான ஜோடி சில்வர் டாலர். தட்டு மாதிரி அகன்ற உடம்பு என்பதால் வளர்ந்த மீன் ஆஸ்கரின் வாய்க்குள் அடங்காது. இலை தழை தின்கிற சாது என்பதால் வம்புக்கும் போகாது. ஐந்தாறாக விட வேண்டும். அந்தக் கூட்டம் பயமில்லாமல் நடுத்தண்ணீரில் உலவுவதைப் பார்த்தால் ஆஸ்கரும் மிரட்சி தெளிந்து வெளியே வரும். ஆஸ்கரைப் போலவே சிக்லிட் குடும்பத்தைச் சேர்ந்த சிவரம், ஜியோபேகஸ் போன்ற நிதானமான மீன்களும் ஒத்துப்போகும். எல்லாவற்றையும் குட்டியிலேயே ஒன்றாக விடுவது நல்லது. ஏற்கெனவே பெரிய மீன் ஆளும் தொட்டி என்றால் கற்களை எல்லாம் கலைத்து அடுக்கி, விளக்கை அணைத்துவிட்டுப் புதியதை விடுங்கள். எல்லை குழம்பினால் சண்டை தணியும். பிளவர்ஹார்ன் என்ற சிக்லிட்டுக்கு மட்டும் துணையே வேண்டாம். ஆஸ்கரையும் தனியாகத்தான் வளர்க்க வேண்டும் என்பவர்கள் இருக்கிறார்கள். சின்னத் தொட்டிக்காரர்களுக்கு அது சரி.

ஆஸ்கரும் துணை மீன்களும் சேர்ந்த கூட்டத்துக்கு நான்கடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரத் தொட்டியாவது வேண்டும். அதில் 450 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். தண்ணீரே 450 கிலோ என்பதால் மாடி வீட்டுக்காரர்கள் தளத்தின் பலத்தைக் கேட்டுக்கொண்டு வைக்க வேண்டும். பெரிய மீனின் கழிவு அம்மோனியாவாகும். அதை முறிக்கும் பாக்டீரியா ஃபில்டரில் ஊறி வளரச் சில வாரங்கள் பிடிக்கும். அதுவரை பொறுக்காமல் மீனை விட்டு இழந்தவர்கள் எத்தனையோ பேர். வாரம் மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை, குளோரின் நீக்கி மாற்றுங்கள்.

என் பெரிய கவலை தொட்டிக்கு வெளியே இருக்கிறது. மீன் பெருத்து, வீடு மாற்ற வேண்டி வந்ததும் 'பாவம், பிழைச்சுப் போகட்டும்' என்று ஏரியில் கொண்டுபோய் விடுகிறார்கள். விடுகிறவருக்கு அது புண்ணியம், ஏரிக்குக் கேடு. தென் அமெரிக்க சக்கர் இன்று தமிழக நீர்நிலைகளில் பெருகிவிட்டது. கரையைக் குடைந்து முட்டையிடும்; கவசம் போன்ற தோலின் முட்கள் வலையைக் கிழிக்கும்; சந்தையில் வாங்குவாரும் இல்லை. ஜிலேபி என்று நாம் சாப்பிடும் திலேப்பியாவும் ஒரு சிக்லிட்தான். 1952-ல் வளர்ப்புக்காக இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. இன்று அது இல்லாத குளம் அரிது. ஆனால் நம் நாட்டைப் பூர்வீகமாகக் கொண்ட சிக்லிட்கள் மூன்றே இனம். கேரளத்தின் மாநில மீனான கரிமீன் அதில் ஒன்று.

வாங்கும் முன் கடைக்காரரிடம் 'இது எவ்வளவு பெரிசா வளரும்?' என்று கேளுங்கள். வைத்துக்கொள்ள முடியாமல் போனால் கடையிலேயே திருப்பிக் கொடுங்கள், அல்லது பெரிய தொட்டி வைத்திருப்பவரிடம் ஒப்படையுங்கள். ஏரியில் மட்டும் விடாதீர்கள்.