ஏழரை டன் கணக்கு

டிப்ளமோ முடித்ததும் வேலைக்கு அலையாமல் லோன் போட்டு ஒரு பிக்-அப் வண்டி வாங்கிச் சொந்தத் தொழில் செய்யலாம் என்று நம்மில் பலருக்கு எண்ணம் உண்டு. கேன்டீனில் இந்தப் பேச்சு வராத நாளில்லை. "மைலேஜ் எவ்ளோ? டியூ எவ்ளோ?" என்றெல்லாம் கேட்கிறோம். "நம்ம லைசென்சுக்கு இந்த வண்டி ஆகுமா?" என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. ஆட்டோமொபைல் பிரிவு மாணவன் என்ற முறையில் நான் அறிந்ததை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

எல்லை எது?

நம்மில் பலரிடம் இருப்பது எல்.எம்.வி., அதாவது இலகுரக வாகன லைசென்ஸ். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி இதன் எல்லை 7500 கிலோ. முதலில் 6000 ஆக இருந்தது, 1994 திருத்தத்தில் உயர்ந்தது. இதில் ஒரு நுணுக்கம் உண்டு. கார், டிராக்டர் என்றால் காலி எடையைப் பார்ப்பார்கள். சரக்கு வண்டி என்றால் மொத்த எடை. வண்டி, பாடி, டீசல், டிரைவர், சரக்கு எல்லாம் சேர்ந்து ஆர்.சி. புத்தகத்தில் பதிவான எடை அது. இன்றைக்கு எவ்வளவு ஏற்றினோம் என்பது கணக்கில்லை. 9 டன்னுக்குப் பதிவான லாரியைக் காலியாக ஓட்டினாலும் நம் லைசென்ஸ் செல்லாது.

பேட்ஜ் வேண்டுமா?

"சரக்கு வண்டின்னா பேட்ஜ் இல்லாம தொடாதே" என்பார்கள் பெரியவர்கள். விபத்து வழக்குகளில் இதையே காரணம் காட்டி இன்சூரன்ஸ் கம்பெனிகள் கோர்ட்டுக்குப் போயின. 2017-ல் சுப்ரீம் கோர்ட் கொடுத்த தீர்ப்பை, 6-11-2024 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு உறுதி செய்தது. 7500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டியை எல்.எம்.வி. லைசென்சில் ஓட்டலாம், தனி அனுமதி வேண்டியதில்லை. அபாயகரமான சரக்குக்கும் இ-ரிக்‌ஷாவுக்கும் மட்டும் தனி விதிகள் உண்டு. 7500-ஐத் தாண்டினால் 20 வயது நிரம்பி, எல்.எம்.வி. எடுத்து ஓராண்டு ஆன பிறகே டிரான்ஸ்போர்ட் லைசென்சுக்குப் போக முடியும்.

தேர்ந்தெடுப்பது எப்படி?

சரக்கிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள். தினசரி லோடு 3500 கிலோ, பாடி 700, டிரைவர் டீசலோடு சேசிஸ் 2800 என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 7000. எல்லைக்குள் வந்துவிட்டது. கம்பெனிகளும் இந்த எல்லையை அறிந்தே 7490 கிலோவில் மாடல் விடுகின்றன. ஆனால் பாடி கட்டும் பட்டறையில் "ஸ்ட்ராங்கா இருக்கட்டும்ணே" என்று இரும்பைக் கூட்டினால், கூடிய ஒவ்வொரு கிலோவும் சரக்கில் குறையும். குறையாமல் ஏற்றினால் ஓவர்லோடு. 2019 திருத்தப்படி அபராதம் 20,000 ரூபாய், அதற்கு மேல் கூடுதல் டன் ஒன்றுக்கு 2,000.

டிரெய்லர் இழுத்தால்?

கம்பெனி கொடுத்த இழுவை எடையைத் தாண்டக் கூடாது. டிரெய்லர் எடையில் 10 முதல் 15 சதவீதம் கொக்கியின் மேல் இறங்க வேண்டும். குறைந்தால் டிரெய்லர் வாலாட்டும். 1000 கிலோ டிரெய்லர் என்றால் 100 முதல் 150 கிலோ நம் வண்டியின் பின் ஆக்சில் பக்கம் ஏறும். அதையும் சரக்காகவே கணக்கில் எடுக்க வேண்டும். மொத்த எடை கூடக் கூட, பிரேக் பிடித்து வண்டி நிற்கும் தூரமும் கூடும்.

இவ்வளவு கணக்கு எதற்கு என்கிறீர்களா? விபத்து நேரத்தில் டிரைவரின் லைசென்ஸ் வண்டிக்குப் பொருந்தவில்லை என்றால், இன்சூரன்ஸ் கம்பெனி இழப்பீட்டைக் கட்டிவிட்டு ஓனரிடம் வசூலிக்கக் கோர்ட் உத்தரவிடலாம். டியூ கட்டவே திணறும் ஓனர் அதை எங்கிருந்து கொடுப்பார்? அம்மாவின் தாலிக்கொடியும் அப்பாவின் அரை ஏக்கரும் அடமானத்துக்குப் போகும்.

எனவே நண்பர்களே, ஷோரூமில் கலரைப் பார்க்கும் முன் மொத்த எடையைப் பாருங்கள். பழைய வண்டியானால் ஆர்.சி. புத்தகத்தை முதலில் கேட்டு வாங்குங்கள். ஏழரை டன்னுக்குள் இருந்தால் தொழில், தாண்டினால் ஏழரைச் சனி!