புது முட்டியும் பழைய சம்மணமும்

காசநோய் தின்ற முட்டிக்கு 1890இல் பெர்லினில் தெமிஸ்டாக்ளஸ் குளுக் யானைத் தந்தத்தில் கீல் செய்து பொருத்திப் பார்த்தார். கிருமி புகுந்து காரியம் கெட்டது. உலோகமும் பிளாஸ்டிக்கும் சேர்ந்த இன்றைய முட்டிக்கு 1970களில் நியூயார்க்கில் வடிவம் கொடுத்தவர்களில் ஒருவர் நம் நாட்டில் பிறந்த சித்தரஞ்சன் ராணாவத். பிரதமராக இருந்த வாஜ்பாயிக்கு முட்டி மாற்றியவரும் அவர்தான்.

கணினி வருவதற்கு முன், தொடை எலும்புக்குள் ஒரு கம்பியைச் செலுத்தி, அதில் அளவுச்சட்டத்தை மாட்டி எலும்பை வெட்டுவார்கள். மீதி, டாக்டரின் கண்ணும் கையும். 1997இல் பிரான்சின் கிரெனோபிளில் கணினி வழிகாட்டத் தொடங்கியது. இன்று ரோபோவின் கை. சி.டி. ஸ்கேனில் போட்ட திட்டத்தின் எல்லையைத் தாண்ட அது ரம்பத்தை விடாது. கோணம் பிசகுவது குறைந்திருக்கிறது, சந்தேகமில்லை.

ஆனால் முட்டிக்கு உரியவர் என்ன சொல்கிறார்? 2010இல் வெளியான கனடா ஆய்வு ஒன்று, ஒன்டாரியோ மாகாணத்தில் முட்டி மாற்றிக்கொண்ட 1,703 பேரைப் பார்த்தது. 19 சதவீதம் பேருக்குத் திருப்தியில்லை. ரோபோவால் இந்தக் குறை தீர்ந்துவிட்டது என்று அடித்துச் சொல்ல இன்றுவரை ஆய்வுகள் இடம் தரவில்லை. அதிருப்திக்கு அந்தக் கனடா ஆய்வு கண்ட முதல் காரணம் கோணமல்ல, நினைத்தது நடக்காமல் போனது.

என்னைக் கேட்டால், நோயாளிக்கு உண்மையில் ஆறுதல் தந்தவை விளம்பரத்தில் வராத மாற்றங்கள். முன்பு வலியோடும் ரத்தம் வடிக்கும் குழாயோடும் நாள்கணக்கில் படுக்கை. இப்போது நரம்பை மரக்கச் செய்யும் ஊசி, ரத்தப்போக்கைக் குறைக்கும் டிரானெக்சாமிக் அமிலம்; அன்றோ மறுநாளோ வாக்கர் பிடித்து நடக்க வைத்துவிடுகிறார்கள். விலையும் அப்படித்தான். ஒன்றரை லட்சத்துக்கு மேல் விற்ற கோபால்ட் குரோமியம் முட்டிக்கு, 2017 ஆகஸ்டில் மத்திய அரசு 54,720 ரூபாய் என்று உச்சவரம்பு வைத்தது.

நம் ஊர்க்காரரின் நினைப்பு எது? "கோயில்ல சம்மணம் போட்டு உக்காரலாமா டாக்டர்?" வலி போய்விடும், நடை வந்துவிடும்; சம்மணமும் குத்துக்காலும் பெரும்பாலும் வேண்டாம் என்பார்கள். இதை ஆஸ்பத்திரியில் சேரும் முன்பே உட்கார்ந்து பேச வேண்டும். பலருக்கு அது டிஸ்சார்ஜ் அன்றுதான் காதில் விழுகிறது. வீட்டுக் கழிவறையில் வெஸ்டர்ன் டாய்லெட் வைக்கும் செலவு எந்த ரோபோ பேக்கேஜிலும் சேர்வதில்லை.